வீட்டுக்குள் வரக்கூடாதவை

(சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டி மணவூரில் நடைபெற்ற இளைஞர் கருத்தரங்கில், அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



விழாக் குழுவினர் எனக்கு அளித்த தலைப்பு 'இல்லமும் தூய்மையும்' என்பது. அதைச் சற்றே மாற்றிக்கொள்ள அவர்களுடைய இசைவைக் கேட்டுப் பெற்றேன். காரணம் உண்டு. தூய்மையைப் பற்றி நமக்குப் போதித்தவர்கள் பலர். நம் தெருமுனையில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டவர்களும் அந்தச் சொல்லைத்தான் சொன்னார்கள். 1927ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 20ஆம் நாள், மகாத் நகரின் சவுதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் அவர்கள் ஒரு கை நீரை அள்ளிப் பருகினார். அவரைப் பின்பற்றி ஆயிரக்கணக்கானோர் பருகினர். அதனால் குளம் தீட்டுப்பட்டுவிட்டது என்று கருதியவர்கள், 108 மட்பானைகளைக் கொண்டுவந்து, சாணமும் கோமியமும் பாலும் தயிரும் இட்டு, மந்திரம் ஓதி அக்குளத்தைத் 'தூய்மை' செய்தார்கள். மனிதன் கைபட்டதால் வராத அழுக்கைச் சாணத்தால் வரவழைத்தார்கள் என்று எட்டாம் வகுப்பு அறிவியல் மாணவனும் சொல்லிவிடுவான்.

ஆகவே நான் இன்று பேசப்போவது தீட்டைப் பற்றி அன்று, மாசைப் பற்றி. தீட்டு கண்ணுக்கும் புலப்படாது, கருவிக்கும் புலப்படாது. சொல்பவன் வாயில் மட்டுமே அது குடியிருக்கிறது. மாசு அத்தகையதன்று. அதை அளக்கலாம், நிறுக்கலாம், எங்கிருந்து வந்தது என்று தேடிக் கண்டுபிடிக்கலாம். இல்லாத தீட்டுக்காக நம்மை வெளியே நிறுத்திய உலகில், இருக்கின்ற மாசை நாம் நம் வீட்டுக்குள் நிறுத்தி வைத்திருக்கிறோம். அவற்றுள் முதலாவது அடுப்புப் புகை.

விறகு முழுமையாக எரிந்தால் கரியமில வாயுவும் நீராவியும் சாம்பலுமே மிஞ்ச வேண்டும் என்று பாடநூல் கூறும். நம் அடுப்பில் விறகு ஒருநாளும் முழுமையாக எரிவதில்லை. ஈரம் காயாத வேலிகாத்தான் கட்டையும், அரைகுறையாய்க் காய்ந்த வறட்டியும், கழனியிலிருந்து கட்டிவந்த கரும்புச் சோகையும் போதிய காற்றின்றிப் புழுங்கி எரியும்போது, எரியாத கரியும் தாரும் நுண்துகள்களாகக் கிளம்புகின்றன. அவற்றுள் கொடியவை ஒரு மில்லிமீட்டரில் நானூறில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ ஆன பருமன் உடையவை. தலைமயிரின் பருமனோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. பெருந்தூசியை மூக்கின் மயிரும் தொண்டையின் சளியும் தடுத்து நிறுத்தும், இவற்றைத் தடுக்கமாட்டா. இவை நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை சென்று தங்குகின்றன. கூடவே கார்பன் மோனாக்சைடு என்னும் வாயு வருகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உயிர்வளியை ஏற்றிச் செல்ல வேண்டிய இரத்தச் சிவப்பணுவில் அது இடம்பிடித்துக் கொள்ளும். அடுப்படியில் கருவுற்ற தாய் அமர்ந்திருந்தால், அங்கே பறிபோவது வயிற்றுப் பிள்ளையின் பங்கும்தான்.

"எங்கள் பாட்டி எண்பது வயது வரை விறகடுப்பில்தான் சமைத்தாள், அவளுக்கு என்ன ஆகிவிட்டது?" என்று கேட்கும் தம்பிகள் உண்டு. அந்தப் பாட்டிக்குக் கண்புரை எந்த வயதில் வந்தது, விடியற்காலையில் அவள் எவ்வளவு நேரம் இருமினாள், அவள் பெற்ற பிள்ளைகளில் தங்கியவர்கள் எத்தனை பேர் என்பதையும் சேர்த்துக் கேட்டுவிட்டு வாருங்கள் என்பேன்.

எங்கோ நடந்த ஆய்வைச் சொல்வதைவிட நம் மாவட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். 2007ஆம் ஆண்டு ஜனவரி முதல் மே வரை, போரூர் ஸ்ரீ இராமச்சந்திரா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் திருவள்ளூர் மாவட்டத்தின் 45 சிற்றூர்களுக்குச் சென்று, 30 வயதைக் கடந்த 900 பெண்களின் மூச்சைச் சோதித்தார்கள். அவர்களுள் ஒருவரும் பீடியோ சிகரெட்டோ பிடித்தவரல்லர். ஆயினும் ஏறக்குறைய நாற்பது பேரில் ஒருவருக்கு, நுரையீரலின் காற்றுக்குழல் சுருங்கி அடைபடும் நாட்பட்ட நோய் இருந்தது. ஆண்டுக்கணக்கில் புகைபிடித்தவர்களுக்கு வருவதாக நாம் எண்ணியிருக்கும் நோய் அது. நாள்தோறும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் அடுப்படியில் கழித்த பெண்களிடையே அது நூற்றுக்கு மூவர் என்னும் அளவில் காணப்பட்டது. விறகு எரித்தவர்க்கும் எரிவாயு போன்றவற்றைப் பயன்படுத்தியவர்க்கும் இடையே வேறுபாடு மிகுதியாக இல்லை என்பதையும் நான் மறைக்க விரும்பவில்லை. எனக்குத் தோன்றுவது இது: இந்நோய் ஓராண்டில் வருவதன்று. நேற்று எரிவாயுவுக்கு மாறியவளின் மார்பிலும் முன்பு ஊதிய இருபது ஆண்டுப் புகை இருக்கத்தானே செய்யும்?

இதற்கு முன்னரே, அதே நிறுவனத்தைச் சேர்ந்த கல்பனா பாலகிருஷ்ணன் அவர்களும் அவருடைய குழுவினரும், தமிழ்நாட்டின் நான்கு மாவட்டங்களில் 436 சிற்றூர் வீடுகளில் நுண்துகளை அளந்து, 2002ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார்கள். விறகடுப்பு எரியும் நேரத்தில் ஒரு கனமீட்டர் காற்றில் 500 முதல் 2000 மைக்ரோகிராம் வரை துகள் இருந்தது. ஆனால் என்னைச் சிந்திக்க வைத்தவை வேறு மூன்று எண்கள். இருபத்துநான்கு மணி நேரச் சராசரியாகக் கணக்கிட்டால், விறகில் சமைத்த பெண் சுவாசித்த காற்றில் 231 மைக்ரோகிராம். அதே வீட்டில் வாழ்ந்தும் சமையலில் ஈடுபடாதவர் சுவாசித்த காற்றில் 90. எரிவாயு போன்ற தூய எரிபொருள் பயன்படுத்திய வீட்டில் ஏறக்குறைய 82. உலகச் சுகாதார நிறுவனம் 2021ஆம் ஆண்டில் நுண்துகளுக்கு விதித்த ஒருநாள் அளவு 15. நம் நாட்டு அரசு 2009ஆம் ஆண்டில் விதித்தது 60. (ஆய்வில் அளந்த துகளுக்கும் இவ்வரம்பில் சொல்லப்படும் துகளுக்கும் பருமனில் சிறிது வேறுபாடு உண்டு. ஒரு மதிப்பீட்டுக்காகவே சேர்த்துச் சொல்கிறேன்.)

இம்மூன்று எண்களையும் கரும்பலகையில் எழுதி வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்க்கலாம். 231 என்பதும் 90 என்பதும் ஒரே கூரையின் கீழ் உள்ளவை. சமைப்பவள் ஒரு காற்றைச் சுவாசிக்கிறாள். திண்ணையில் அமர்ந்திருப்பவர் வேறொரு காற்றைச் சுவாசிக்கிறார். சமைக்காத ஆணுக்கும் எரிவாயு வீட்டில் வாழ்பவர்க்கும் இடையே உள்ள வேறுபாடு எட்டே எட்டுதான். எரிவாயு உருளை வாங்குவதா, வேண்டாமா என்று முடிவு செய்பவர் பெரும்பாலும் யார்? அந்த 90ஐச் சுவாசிப்பவர். தம் மார்பில் எரிச்சல் இல்லாதபோது அவருக்கு அவசரம் எப்படி வரும்? அவர் கொடியவர் அல்லர். புகை அவரை எட்டவில்லை, அவ்வளவே. ஆனால் அதன் விளைவைச் சுமப்பவள் அவர் மனைவி. அவள் மடியில் இருக்கும் குழந்தை. விறகு ஊதுவதற்கென்று புத்தகத்தை மூடிவைக்கச் சொல்லப்படும் மகள்.

அந்த மகளை நான் அறிவேன். ஒருத்தியை அல்ல, பணியில் சேர்ந்த நாள் தொட்டு ஆண்டுதோறும் பலரை. கட்டுரை நோட்டைத் திருத்த எடுத்தால் கரி வாடை வீசும்; ஓரங்களில் விரற்கரி பதிந்திருக்கும். விறகு பொறுக்கப் போன நாட்களில் வருகைப் பதிவேட்டில் காலை வேளைக்கு அவள் இருக்கமாட்டாள். 'விறகு காசில்லாமல் கிடைக்கிறது' என்கிறோமே, அந்தக் காசில்லாத விறகின் விலை அப்பதிவேட்டில் எழுதப்பட்டிருக்கிறது. கல்விச் சங்கத்தின் மேடையில் அடுப்பைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று எவரேனும் ஐயுற்றால், என் விடை அதுவே.

புகையை வெளியேற்ற முயன்றவர்கள் இல்லாமல் இல்லை. ஐதராபாத்தில் எஸ். பி. இராஜு என்னும் பொறியாளர் புகைபோக்கியுடன் கூடிய மண்ணடுப்பை வடிவமைத்து, 1953ஆம் ஆண்டில் அதைப் பற்றி ஒரு சிறு நூலும் வெளியிட்டார். 1980களில் நடுவண் அரசு புகையற்ற அடுப்புத் திட்டத்தை நாடெங்கும் நடத்தியது. பல இலட்சம் வீடுகளில் அடுப்பு கட்டினார்கள். கட்டிக் கொடுத்ததோடு பலவிடங்களில் கதை முடிந்தது. குழாயில் கரி அடைத்தது. துடைக்கக் கற்றுத்தர ஆளில்லை. அடுப்பின் வாய் நம் பானைக்குப் பொருந்தவில்லை. 2002ஆம் ஆண்டோடு அத்திட்டம் முடிவுற்றது. நன்றாக வேலை செய்த புகைபோக்கியும் புகையை இல்லாமல் ஆக்கவில்லை. நம் வீட்டிலிருந்து எடுத்து அண்டை வீட்டுச் சன்னலில் கொண்டுபோய் விட்டது. நம் காலனிகளில் வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையே கைநீட்டினால் தொடும் தூரம் என்பது உங்களுக்கே தெரியும். அகலமான மனையை நமக்கு அளந்து கொடுத்தவர் எவரும் இல்லை.

பின்னர் எரிவாயு வந்தது. 2007ஆம் ஆண்டு தொடங்கித் தமிழக அரசு ஏழைக் குடும்பங்களுக்கு அடுப்பும் இணைப்பும் இலவசமாக வழங்கியது. 2016ஆம் ஆண்டு மே முதல் நாள் நடுவண் அரசின் உஜ்வலா திட்டம் தொடங்கிற்று. 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் பத்தில் எட்டு வீடுகளுக்கு மேல் தூய எரிபொருளில் சமைக்கின்றன. இது சிறிய முன்னேற்றம் அன்று. ஆனால் அந்தக் கணக்கு, முதன்மையாக எதில் சமைக்கிறீர்கள் என்று கேட்டுப் பெற்ற கணக்கு. தேநீருக்கும் விருந்தினர்க்கும் எரிவாயு. சோற்றுக்கும் குளியல் வெந்நீருக்கும் விறகு என்று பகுத்துக்கொண்ட வீடுகள் நம் தெருவில் எத்தனை என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். உருளையின் விலை 800 ரூபாய்க்கு மேல் போய்விட்டது. நாட்கூலி வாங்குபவரால் அத்தொகையை ஒரே நாளில் எடுத்து வைக்க இயலாது. நாள் ஒன்றுக்கு முப்பது ரூபாய் என்றால் அவரால் இயலும். குறையாக இருப்பது அறிவு அன்று. மொத்தமாகச் சேரும் பணம். 'இம்மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை' என்று பேசுபவர்களிடம் இதைச் சொல்ல வேண்டும்.

அந்தத் தடையை நீக்கினால் என்ன நிகழும் என்பதையும் சோதித்துவிட்டார்கள். 2018 முதல் இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நான்கு நாடுகளில் 3200 கருவுற்ற பெண்களைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. இந்தியாவுக்கென்று தேர்ந்தெடுத்த இடங்கள் நம் கள்ளக்குறிச்சிப் பகுதியும் நாகப்பட்டினமும். பாதிப் பேருக்கு அடுப்பும் எரிவாயுவும் தடையின்றி, விலையின்றி வீடு தேடி வந்தன. மறுபாதிப் பேர் வழக்கம்போல் விறகில் சமைத்தனர். எரிவாயு பெற்ற பெண்கள் சுவாசித்த நுண்துகளின் இடைநிலை அளவு 24 மைக்ரோகிராம். மற்றவர்க்கு ஏறத்தாழ 71. இலவசமாகக் கையில் கிடைத்தபோது பெண்கள் விறகை விட்டுவிட்டார்கள். 'கிராமத்துப் பெண்ணுக்கு விறகடுப்புச் சுவைதான் பிடிக்கும்' என்னும் வாதம் இதன்பின் நிற்காது.

ஆயினும் 2022ஆம் ஆண்டில் வெளியான முடிவில், இரு சாராருக்கும் பிறந்த குழந்தைகளின் எடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. எரிவாயு வந்தால் எல்லாம் நேராகிவிடும் என்று மேடையில் பேசுவது எளிது. உண்மை அவ்வளவு எளிதாக இல்லை. தாய்க்கு வேண்டிய உணவு, இரத்தச் சோகை, சூல்கொண்ட பின்னும் கழனியில் குனிந்து செய்யும் வேலை ஆகியவற்றை எந்த அடுப்பும் மாற்றாது. அதற்காக 71க்கும் 24க்கும் வேறுபாடு இல்லையென்று ஆகிவிடாது. பதினைந்து வயதுப் பெண்ணின் நுரையீரலுக்கு ஐம்பது வயது வரை எந்தக் காற்று வேண்டும் என்பது ஒரு பேறுகாலத்தில் முடிந்துவிடும் கேள்வியன்று.

முன்னே சொன்ன 82 என்னும் எண்ணுக்கு மீண்டும் வருகிறேன். எரிவாயுவில் சமைத்த வீட்டிலும் அது ஏன் 15க்கு அருகில் வரவில்லை? அண்டை வீட்டு அடுப்பும், தெருக் குப்பையில் எரியும் பிளாஸ்டிக்கும், சாலைத் தூசியும் அந்த வீட்டுக்குள்ளும் நுழைவதால்தான் என்று கருதுகிறேன். காற்றுக்குக் கதவு இல்லை. ஒரு வீட்டுக்காரர் தம் வீட்டளவில் செய்யக்கூடியது பாதி வேலை. மறுபாதி தெருவின் வேலை. நம் போகிப் பண்டிகையை எண்ணிப் பாருங்கள். பழைய பாயும் கூடையும் எரித்த நாள் போய், இரு சக்கர வண்டி டயரையும் பிளாஸ்டிக் குடத்தையும் எரிக்கிறோம். விடியற்காலைப் பனியில் அப்புகை மேலெழாமல் தெருவிலேயே படிந்து கிடக்கிறது. தொட்டிலில் கிடக்கும் பிள்ளைக்கும் அதுதான் அன்றைய காற்று. அடுப்பு பற்றவைக்கப் பாலித்தீன் பையைக் கிழித்துப் போடும் பழக்கமும் இதே வகைதான். மண்ணெண்ணெய் கிடைப்பது அரிதான பிறகு அது பெருகியிருக்கிறது. ஒரு சிட்டிகை தேங்காய் நார் செய்யும் வேலைக்கு நஞ்சை ஏன் கொளுத்த வேண்டும்?

தெரு முழுவதும் சேர்ந்து ஒன்றை வீட்டைவிட்டு வெளியே நிறுத்த முடியுமா என்று கேட்பீர்கள். முடிந்த இடம் ஒன்றைச் சொல்கிறேன். அது புகையைப் பற்றியதன்று, பூச்சிமருந்தைப் பற்றியது. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் வட்டாரத்துச் சிற்றூர்களில், சென்னையைச் சேர்ந்த மனநல மருத்துவர் இலட்சுமி விஜயகுமார் அவர்களும் குழுவினரும் ஒரு முயற்சி செய்தார்கள். இரண்டு ஊர்களில் பொதுவான ஓர் இடத்தில் பூட்டுள்ள பெட்டிகளை அமைத்து, உழவர்கள் தங்கள் பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் அங்கே வைத்துத் தேவைப்படும்போது எடுத்துச் செல்ல ஏற்பாடு செய்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க வேறு இரண்டு ஊர்களையும் கவனித்தார்கள். பெட்டி அமைந்த ஊர்களில் பூச்சிமருந்து குடித்து உயிர்விடுவது குறைந்ததாக 2013ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். இலங்கையில் அரசே மிகக் கொடிய பூச்சிமருந்துகளை 1995 முதல் ஒவ்வொன்றாகத் தடைசெய்தது. பத்தாண்டுகளில் அந்நாட்டுத் தற்கொலை விகிதம் பாதியாகக் குறைந்தது. ஒரு மனத்தாங்கல், ஒரு தேர்வுத் தோல்வி, கணவன் மனைவிக்குள் ஒரு சொல். அந்தக் கணத்தில் இறவாணத்தில் செருகிய புட்டி கைக்கு எட்டாமல் இருந்தால், கணம் கடந்துவிடுகிறது. நம் தெருவிலும் அப்படிக் கடந்திருக்க வேண்டிய கணங்கள் உண்டு. பெயர் சொல்ல வேண்டியதில்லை. இந்த அவையில் பலருக்கு அவர்கள் உறவினர்.

மருந்து தெளித்துவிட்டு வரும் உழவுத் தொழிலாளி அதே சட்டையோடு பிள்ளையைத் தூக்கக் கூடாது. அந்தத் துணியைத் தனியே அலச வேண்டும். காலியான புட்டியும் தகரமும் எத்தனை முறை கழுவினாலும் எண்ணெய்க்கோ தண்ணீருக்கோ ஆகா. நிலம் பிறருடையது, மருந்தும் பிறருடையது, தெளிக்கும் கை மட்டும் நம்முடையது என்பதால், மிச்ச மருந்தைக் கூலியாளின் வீட்டில் வைத்துவிட்டுப் போகச் சொல்லும் வழக்கத்தையும் நாம் மறுக்க வேண்டும்.

மற்றவற்றை விரைந்து சொல்கிறேன். கொசுவர்த்திச் சுருள் ஒன்று எரிந்து முடிகையில் 75 முதல் 137 வரையான சிகரெட்டுகள் வெளியிடும் நுண்துகளை வெளியிடுகிறது என்று 2003ஆம் ஆண்டின் ஓர் ஆய்வு காட்டியது. சன்னலைச் சாத்திவிட்டு அதைப் பிள்ளையின் தலைமாட்டில் வைக்கிறோம். கொசுவலை ஒருமுறை வாங்கினால் ஆண்டுகள் உழைக்கும். சுவர்ப்பூச்சில் ஈயம் 90 பி.பி.எம். அளவுக்கு மேல் இருக்கக்கூடாது என்னும் விதி 2017 நவம்பர் முதல் நடைமுறையில் உள்ளது. அதற்கு முன் பூசிய பழைய பூச்சு உரிந்தால், உலர்ந்த நிலையில் சுரண்டாமல் நனைத்து எடுங்கள். சிறுபிள்ளை அதை வாயில் வைத்தால் பாதிக்கப்படுவது அதன் மூளை. கல்நார் ஓடு வேய்ந்த வீட்டினர் அந்த ஓட்டை அறுக்கவோ துளையிடவோ உடைத்துத் தரையில் கொட்டவோ வேண்டாம். அசையாமல் இருக்கும்வரை அது விடும் இழை குறைவு.

இனி, சங்கத்தார் முன் நான் வைக்க விரும்பும் வேண்டுகோள்கள். மகளிர் குழுவினர் நாளொன்றுக்கு முப்பது ரூபாய் வீதம் சேர்க்கும் உருளைச் சீட்டு ஒன்றைத் தொடங்கலாம். பொறுப்பு பெண்களிடமே இருக்கட்டும். காரணம் முன்னே சொன்ன மூன்று எண்களில் இருக்கிறது. சங்கக் கட்டடத்தின் பின்புறம் பூட்டுள்ள பெட்டிகளுக்கு இடம் இருக்கிறது. இரும்புப் பெட்டி செய்யத் தெரிந்த தம்பிகளும் நம்மில் இருக்கிறார்கள். 2024ஆம் ஆண்டில் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடியில் வீடு கட்டுவோர், கடைக்கால் தோண்டுமுன் நம் பட்டயப் பொறியாளர்களை அழைத்துச் சமையலிடத்துக்கு எதிரெதிரே இரண்டு திறப்புகள் வைக்கச் சொல்லுங்கள். சன்னலுக்குச் செலவு குறைவு. பின்னாளில் சுவரை உடைக்கச் செலவு மிகுதி. உருளை வாங்க இயலாத நாட்களில், கூரைக்குள் அல்லாமல் வெளித் தாழ்வாரத்தில், காய்ந்த விறகில், பானையை மூடிச் சமைக்கட்டும். அந்நேரம் கைக்குழந்தையைத் தந்தை தூக்கி வைத்துக்கொள்ளட்டும்.

போகிக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதற்குமுன் இளைஞர் அணியினர் டயர்களையும் பிளாஸ்டிக்கையும் வீடுவீடாகப் பெற்று ஊராட்சியின் குப்பை வண்டியில் ஒப்படைக்க முன்வந்தால், அன்று காலை ஐந்து மணிக்கு நானும் தெருமுனையில் நிற்கிறேன். பெயர் கொடுக்க விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் செயலாளர் மேசைக்கு வரலாம். சீட்டுக்கான குறிப்பேடும் அங்கேயே இருக்கிறது.